சாம்பல் ஆறும் வரை

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேற்றப் பிரயாணிகளைக் காட்டுத்தீ சூழ்ந்து, 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சம்பவத்தை நாம் மறந்துவிட நியாயமில்லை. மாசி, பங்குனியில் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து நிற்கும் புல்லுக்கு ஒரு பொறி போதும். கீழே எழும் அனல் மேலேயுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுவதால், தீயானது சமதரையில் பரவுவதைக் காட்டிலும் மேட்டை நோக்கி மிக விரைவாக ஏறும். மனிதனோ மேடேற ஏற வேகம் குறைகிறவன்.

நம் காடுகளில் மூளும் தீயில் பெரும்பகுதி மனிதர் கையால் நேர்வதே. அணைக்காத பீடித்துண்டு, சமைத்துவிட்டு அப்படியே விட்டுப்போன அடுப்பு, புதுப்புல் துளிர்க்கவென்று வைத்த தீ, காட்டோரத் தோட்டத்தில் கொளுத்திய சருகு, இவையே அதற்குக் காரணங்கள். இவற்றைச் செய்தவர்களில் எவரும் காட்டை அழிக்க உத்தேசித்தவரல்லர்.

ஆயினும் சட்டம் உத்தேசத்தை மட்டும் பார்ப்பதில்லை. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், காப்புக்காட்டுக்கு அபாயம் நேரும் விதத்தில் நெருப்பை மூட்டுவதோடு, எரியவிட்டுப் போவதையும் குற்றமாக்கியது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆம் பிரிவு, நெருப்பை அஜாக்கிரதையாகக் கையாண்டு பிறர் உயிருக்கு அபாயம் விளைவிப்பவருக்கும், தம் வசமுள்ள நெருப்புக்குப் போதிய காவல் செய்யத் தவறியவருக்கும், ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. செய்யாமல் விட்டதும் குற்றமே என்னும் இந்தத் தர்மம் மிகச் சரியானதென்பது என் திடமான அபிப்பிராயம். அபராதத் தொகைதான் போகும் உயிருக்கு முன் அற்பமாகத் தோன்றுகிறது.

சொந்த நிலத்தில் சருகு கொளுத்துவோரும், காற்று ஓய்ந்த வேளை பார்த்து, சுற்றிலும் பத்தடிக்கேனும் மண் தெரியச் செதுக்கி, குடங்களில் தண்ணீரை முன்பே கொண்டுவந்து வைத்து, எரிந்து தீருமட்டும் அவ்விடம் விட்டு அகலாதிருத்தல் அவசியம். ஜுவாலை அடங்கியதும் வேலை முடிந்ததென்று நினைப்பதில்தான் அபாயமே இருக்கிறது. சாம்பலுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் கிடக்கும். மரவேரில் பற்றிவிட்டாலோ, மண்ணுக்குள்ளேயே நாட்கணக்கில் கனன்று வேறோரிடத்தில் வெளிப்படவும் கூடும். ஆகவே தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றி, புறங்கையை அருகே பிடித்து, சூடு அறவே இல்லையென்று நிச்சயித்த பின்னரே புறப்படவேண்டும்.

தீ நம் கை மீறிப் போய்விட்டதென்று தெரிந்த கணமே, தண்டனைக்கு அஞ்சி மறைக்காமல், 101 அல்லது 112 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள்.