ஒன்பது மணி மாத்திரை

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைக் காப்பாற்றும் வேலை ஆயுள் முழுக்கத் தொடரும்.

புனேயிலிருந்து அகமத்நகர் (2024 முதல் அஹில்யாநகர்) செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ரஞ்சன்காவ். ஒரு பக்கம் அஷ்டவிநாயகர் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயில். இன்னொரு பக்கம் வர்ல்பூல், எல்ஜி, ஃபியட் என்று விரியும் தொழிற்பேட்டை. பாதி ஊர் ஷிப்ட் கணக்கில்தான் தூங்கி எழுகிறது. இங்கே மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு ஷிப்டை விடக் கறாரான ஒரு கணக்கு உண்டு. காலை 9 மணிக்கு மாத்திரை என்றால் இரவும் 9 மணிக்கு. 12 மணி நேர இடைவெளி, லீவே கிடையாது.

காரணம் எளிது. சிறுநீரகத்தைத் தந்தது பெற்ற தாயாகவே இருந்தாலும் உடம்புக்கு அது அந்நியப் பொருள்தான். அதைத் தாக்கப் பாயும் எதிர்ப்புச் சக்தியை டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகள் அடக்கி வைக்கின்றன. டாக்ரோலிமஸ் அளவு குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்கும். கூடினால் தொற்று வரும், கை நடுங்கும், சர்க்கரை ஏறும். காப்பாற்ற வேண்டிய சிறுநீரகத்தையே அது கெடுக்கவும் கூடும்.

அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்பு ரத்தம் எடுத்தால்தான் மருந்தின் உண்மையான அளவு தெரியும். புனேயில் பரிசோதனை என்றால் காலை மாத்திரையை விழுங்காமல் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டும். ரத்தம் கொடுத்த பிறகே விழுங்கலாம். வழக்கம்போல வீட்டிலேயே விழுங்கிவிட்டால் அந்த 50 கிலோமீட்டர் பயணம் வீண்.

முதல் சில மாதங்கள்தான் சோதனைக் காலம். 2018 மே மாதம் டெல்லி எய்ம்ஸில் சிறுநீரகம் பொருத்தப்பட்ட அருண் ஜேட்லி, மீண்டும் நிதியமைச்சகப் பொறுப்பை ஏற்றது ஆகஸ்டில். இடைப்பட்ட நாட்களில் கூட்டத்தைத் தவிர்த்து வீடியோ மூலம் பேசினார். மெஷினில் நிற்கும் தொழிலாளிக்கு அந்த வசதி ஏது? தையல் ஆறும்வரை பளு தூக்கக் கூடாது. புதிய சிறுநீரகம் இருப்பது முதுகுப் பக்கம் அல்ல, அடிவயிற்றில். அங்கே அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைக்குத் திரும்பினாலும் தூசியும் இரவு ஷிப்டும் இல்லாத இடமாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பிள்ளையார் சதுர்த்திக் கூட்டத்துக்கு அந்த ஆண்டு தூரத்திலிருந்தே கும்பிடு.

சமையலறையிலும் சட்டம் மாறுகிறது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், சூடான சாப்பாடு. தெருவோரம் வெட்டி வைத்த பழமும் கரும்புச் சாறும் வேண்டாம். பம்ப்ளிமாஸ் பழம் ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும் என்பதால் அதற்கும் தடை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினோ அதை வெகுவாக இறக்கிவிடும். மேல்வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்கே ஆபத்து. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்ல வேண்டியது, 'எனக்கு மாற்றுச் சிறுநீரகம்.'

இத்தனை கட்டுப்பாட்டுக்கும் பலன் இருக்கிறதா? தமிழர்களுக்கு எம்.ஜி.ஆரே சாட்சி. 1984ல் அமெரிக்காவின் புரூக்ளினில் அண்ணன் மகளின் சிறுநீரகம் அவருக்குப் பொருத்தப்பட்டது. 1985 பிப்ரவரியில் மூன்றாம் முறையாக முதல்வரானார். 1971லேயே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இந்தச் சிகிச்சையைச் செய்து காட்டியிருந்தது. இன்றைய மருந்துகளால் 10, 15 ஆண்டுகளைத் தாண்டியும் மாற்றுச் சிறுநீரகங்கள் உழைக்கின்றன. வாரத்துக்கு இரண்டு மூன்று டயாலிசிஸ் என்று கட்டிப்போட்ட வாழ்க்கையிலிருந்து அது விடுதலை.

இந்த விடுதலைக்கு விலை கொடுத்தவரும் அதே வீட்டில் இருப்பார். இந்தியாவில் உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் தருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குறிப்பாகத் தாயும் மனைவியும். கணவரின் ரிப்போர்ட்டை ஃபைலில் அடுக்கும் அந்த மனைவியும் ஆண்டுக்கொரு முறை தன் ரத்த அழுத்தத்தையும் கிரியேட்டினினையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பல வீடுகளில் மறந்துபோகிறது.

உண்மையான ஆபத்து உடம்பு தேறிய பிறகுதான் வருகிறது. முகத்தில் களை வந்து, சம்பளமும் வர ஆரம்பித்ததும், 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று ஒரு வேளை மாத்திரை தவறுகிறது. கையில் காசு இல்லாத மாதம் நான்கு நாள் தவறுகிறது. வலி இருக்காது, காய்ச்சலும் இருக்காது. கிரியேட்டினின் மட்டும் சத்தமில்லாமல் ஏறும். சிறுநீர் குறைந்து கால் வீங்கும்போது பல சமயம் காலம் கடந்திருக்கும். மாற்றுச் சிறுநீரகங்கள் பறிபோவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, இப்படி விட்டுப்போகும் மாத்திரைகள்தான்.