ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸ்: வண்டியை எண்ணினால் மலை பிழைக்குமா?

மே மாத சனிக்கிழமை, விடிகாலை. மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு சோதனைச் சாவடியில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். இரவெல்லாம் வண்டி ஓட்டிவந்த அலுப்பு, பின்சீட்டில் தூங்கும் குழந்தைகள், கையில் செல்போனுடன் தலையை வெளியே நீட்டும் அப்பா. சாவடியில் முதலில் வரும் கேள்வி, “இ-பாஸ் எடுத்துட்டீங்களா?” இரண்டாவது கேள்வி, “பிளாஸ்டிக் பாட்டில் ஏதாவது இருக்கா?”

‘சொந்த மாநிலத்துக்குள்ள போறதுக்கு எதுக்குப்பா பாஸ்?’ என்ற எரிச்சல் பலருக்கும் வரும். கொரோனா காலத்து நினைவு வேறு. ஆனால் இந்த இ-பாஸின் கதை வேறு.

எத்தனை வண்டி வருகிறது?

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள்? சாலை, தண்ணீர், குப்பைக் கிடங்கு, கழிவுநீர்க் கால்வாய் எல்லாம் சேர்ந்து எவ்வளவு பேரைத் தாங்கும்? சுற்றுச்சூழல் தொடர்பான வழக்குகளை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் நின்றது இந்தக் கேள்விதான். சீசன் நாட்களில் நீலகிரிக்குள் தினமும் சுமார் 20,000 வாகனங்கள் நுழைகின்றன என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. மற்ற நாட்களில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதாவது ஒரே ஊர், ஒரே ரோடு, ஒரே தண்ணீர்த் தொட்டி. ஆனால் சீசனில் பத்து மடங்கு வண்டி.

அதனால் 2024 மே 7 முதல் ஜூன் 30 வரை இ-பாஸ் கட்டாயம் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு அது நீட்டிக்கப்பட்டது. முதல் ஆண்டில் விண்ணப்பித்த எல்லோருக்கும் பாஸ் கிடைத்தது, எந்த உச்சவரம்பும் இல்லை. நோக்கம் எண்ணுவது மட்டுமே. மலையின் தாங்குதிறனைக் கணக்கிடும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது.

2025 கோடையில்தான் கதவு கொஞ்சம் மூடியது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாஸ் வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. உள்ளூர் மக்களின் வாகனங்கள், அரசுப் பேருந்துகள், ரயில், அத்தியாவசியப் பொருள் ஏற்றிவரும் வண்டிகள் இந்தக் கணக்கில் வராது.

ஆக, ஒரு காரில் இரண்டு பேர் போனாலும் ஒரு பாஸ், ஏழு பேர் நெருக்கியடித்துப் போனாலும் ஒரு பாஸ். அரசுப் பேருந்தில் ஐம்பது பேர் போனால் பாஸே இல்லை. ‘நாலு பேர் சேர்ந்து வாங்க, முடிஞ்சா பஸ்ஸுல வாங்க’ என்று விதி மறைமுகமாகச் சொல்கிறது. இதை அரசு இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்கலாம்.

கோபம் யாருக்கு?

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி நீலகிரியில் கடைகள் அடைக்கப்பட்டன. இ-பாஸை ரத்து செய்யக் கோரி வணிகர்கள் நடத்திய முழு அடைப்பு அது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சாக்லேட் கடை, வர்க்கி விற்பவர், காட்டேஜில் அறை சுத்தம் செய்பவர், டாக்ஸி ஓட்டுநர் என்று பலரும் இரண்டு மாத சீசன் வருமானத்தை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்டுகிறார்கள். ‘பாஸ் கிடைக்குமோ கிடைக்காதோ’ என்ற சந்தேகத்திலேயே ஒரு குடும்பம் மூணாறுக்கோ கூர்க்குக்கோ திரும்பிவிட்டால், நஷ்டம் இவர்களுக்குத்தான்.

அதே ஊரில் சீசன் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கு வேறு கணக்கு. குன்னூரில் இருந்து ஊட்டிக்குப் போகும் ரோட்டில் மாற்றுப்பாதை என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். ஒருவர் படம் எடுக்க வளைவில் காரை நிறுத்தினால் பின்னால் அரை கிலோமீட்டர் நிற்கும். சுற்றுலாவை நம்பி வாழ்பவரும் அந்த நெரிசலில் மாட்டிக்கொள்பவரும் பல வீடுகளில் ஒரே ஆள் என்பதுதான் மலை ஊர்களின் சிக்கல்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஊட்டிக்கான குடிநீரில் பெரும்பங்கு பார்சன்ஸ் வேலி அணையில் இருந்து வருகிறது. அந்த அணைக்கு? மழைதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் மழை பெய்யாத மாதங்களிலும் ஓடையில் தண்ணீர் வருகிறதே, அதற்குக் காரணம் சோலைக்காடும் அதைச் சுற்றிய புல்வெளியும்.

மடிப்பு மடிப்பான மலைகளில், பள்ளத்தில் குட்டையான மரங்கள் அடர்ந்திருக்கும். மேட்டில் வெறும் புல். பார்ப்பதற்கு அந்தப் புல்வெளி ‘சும்மா கிடக்கும் நிலம்’ மாதிரி தெரியும். ஆங்கிலேயருக்கும் அப்படித்தான் தெரிந்தது. அங்கே அவர்கள் யூகலிப்டஸும் சீகை மரமும் நட்டார்கள்; தோல் பதனிட சீகைப் பட்டை வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகும் அரசு அதையே தொடர்ந்தது. சீகை இன்று தானாகவே பரவிப் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. புல்லும் சோலையும் மழையைப் பஞ்சு போல உறிஞ்சி, மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடும் அமைப்பு. அது சுருங்கினால் ஊட்டி லாட்ஜில் வெந்நீர் வராது என்பதோடு விஷயம் நிற்காது. பவானியும் மோயாறும் இந்த மலைகளில் பிறந்து பவானிசாகரில் சேர்கின்றன. ஈரோட்டு மஞ்சளுக்கும் கரும்புக்கும் போகும் தண்ணீர் அது.

கட்டடங்களுக்கும் விதி உண்டு. மலைப்பகுதிகளில் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதி 1993-லேயே வந்துவிட்டது. ஊட்டியின் சரிவுகளைக் கீழிருந்து பார்ப்பவருக்கு அந்த விதி எவ்வளவு மதிக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். 2009 நவம்பர் மழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்தபோது 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ‘வியூ நல்லா இருக்கும்’ என்று ஆன்லைனில் புக் செய்யும் அறை, சரிவை வெட்டிக் கட்டியதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

பத்து ரூபாய் செய்த வேலை

சட்டம் போட்டு நடக்காததைச் சில சமயம் பத்து ரூபாய் நடத்திக்காட்டும். காட்டோரம் குடித்துவிட்டு வீசும் மதுபாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற புகார் நீதிமன்றம் வரை போனது. யானையின் பாதம் பார்க்க முரடாக இருந்தாலும் உள்ளங்கால் மெத்தென்றது. கண்ணாடி ஏறினால் புண் ஆறாது, நடக்க முடியாது. நடக்க முடியாத யானை நீண்ட நாள் உயிரோடு இருக்காது.

2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் கடைகள் ஒரு பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கத் தொடங்கின. காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். வாங்கியவர் வீசினாலும் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்து காசாக்கிவிடுவார். பாட்டில்கள் பெரும்பாலும் திரும்பிவந்தன, திட்டம் பிறகு பல மாவட்டங்களுக்கும் போனது. தண்ணீர் பாட்டிலுக்கு இப்படி ஒரு வழி இல்லாததால் நீலகிரி நேரடியாகத் தடையைத் தேர்ந்தெடுத்தது; பதிலாக, காசு போட்டால் தண்ணீர் தரும் இயந்திரங்கள் சாலையோரம் வைக்கப்பட்டன. சில வேலை செய்யும், சில செய்யாது. வீட்டில் இருந்து ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போவது உத்தமம்.

குரங்கணிக்குப் பிறகு

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலை. சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளில் இருந்து வார இறுதி மலையேற்றத்துக்கு வந்தவர்கள், பலர் இளம் ஊழியர்கள், பெண்கள். கொழுக்குமலையில் இருந்து இறங்கும்போது காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மார்ச்சில் மலைப்புல் காகிதம் மாதிரி காய்ந்திருக்கும். சரிவில் பற்றிய தீ மேல்நோக்கி ஓடும்போது மனிதனை விட வேகமாக ஓடும். இரண்டு சரிவுகளுக்கு நடுவில் இருக்கும் குறுகிய பள்ளம் புகைபோக்கி போல வேலை செய்யும். வழி தெரியாதவர்கள் தப்பிக்க ஓடுவது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களுக்குத்தான்.

அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது: 14 மாவட்டங்களில் 40 தடங்கள், எளிது, மிதம், கடினம் என்று மூன்று வகை. பழங்குடி, மலைக்கிராம இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். காட்டுத்தீ காலத்தில், பிப்ரவரி நடுவில் இருந்து சுமார் இரண்டு மாதங்கள், தடங்கள் மூடப்படும். அந்த நேரத்தில் ‘எங்களுக்கு ஆள் தெரியும், கூட்டிட்டுப் போறோம்’ என்று இன்ஸ்டாகிராமில் யாராவது அழைத்தால், அந்த அழைப்பை ஏற்பதற்கு முன் குரங்கணியை நினைத்துக்கொள்ளலாம்.

வழிகாட்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கோத்தகிரி லாங்வுட் சோலை மாதிரி ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் காட்டில்கூட, எதிரே புதரில் நிற்பது பாறையா காட்டெருமையா என்பது முதலில் தெரியப்போவது அந்த ஊர்ப் பையனுக்குத்தான்.

சரி, இந்தக் கோடையில் போகலாமா?

தாராளமாக. தேதி முடிவானதும் முதலில் இ-பாஸ் தளத்தைப் பாருங்கள். விதியும் எண்ணிக்கையும் அவ்வப்போது மாறுகின்றன. வார இறுதியைத் தவிர்த்தால் பாஸும் எளிது, அறையும் மலிவு. முதுமலை வழியாகப் போவதானால் இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச்சாலை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது ஏறிய அதே கியரில் வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும்.

காரே வேண்டாம் என்றால், மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்கு மலை ரயில் புறப்படுகிறது. 46 கிலோமீட்டர் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம். டிக்கெட் கிடைப்பதுதான் கஷ்டம். இ-பாஸ் கேட்க மாட்டார்கள்.