பெயர் ஒன்று, பிறந்த ஊர் வேறு

பழுதுக்கடை – தொடர் 9

பழைய எலெக்ட்ரிக் கிடார் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது அதன் தலையில் எழுதியிருக்கும் பெயரை. 1960களில் வந்த மலிவு கிடார்களில் அது பெரும்பாலும் விற்றவரின் பெயர். செய்தவர் வேறு யாரோ.

1964 பிப்ரவரி 9-ம் தேதி எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்ததை அமெரிக்காவில் ஏறத்தாழ 7 கோடிப் பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு பையன்கள் கிடார் கேட்டு நச்சரித்தார்கள். ஃபெண்டர், கிப்சன் போன்ற பெரிய நிறுவனங்களின் கிடார்களோ வாங்கக் கட்டுப்படியாகாது. அந்தச் சந்தையை ஜப்பானியத் தொழிற்சாலைகள் பிடித்துக்கொண்டன. டோக்கியோவில் 1946-ல் தொடங்கிய டெய்ஸ்கோவின் கிடார்கள் ‘டெய்ஸ்கோ டெல் ரே’, ‘கிங்ஸ்டன்’ என்று இறக்குமதியாளருக்கு ஒரு பெயரில் கப்பலேறின. சியர்ஸ் கடைகளில் அவையே ‘சில்வர்டோன்’. சிகாகோவின் ஹார்மனி, கே ஆலைகள் செய்தவற்றுக்கும் சியர்ஸ் அதே பெயரைத்தான் வைத்தது!

ஆகவே ஊரைத் தெரிந்துகொள்ள கிடாரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அங்கே திருகாணியே முதல் சாட்சி. ஜப்பானியத் திருகாணியின் தலையிலும் கூட்டல் குறி இருக்கும். ஆனால் சாதாரண ‘ஸ்டார்’ ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக உட்காராது. அழுத்தித் திருகினால் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். அதற்கென்று உள்ள முனையை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

அடுத்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் அதன் முதுகில் எண் பொறித்திருக்கும். 1376432 என்று இருந்தால், 137 என்பது சி.டி.எஸ். நிறுவனம், 64 ஆண்டு, 32 வாரம். அதற்கு முன்னால் அந்தக் கிடார் முழுமையடைந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், பின்னாளில் யாராவது அதை மாற்றியிருந்தால் கணக்கு தப்பிவிடும். பழைய ஈயப்பற்று மங்கிக் கிடக்க, ஒன்று மட்டும் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

இனி வைத்தியம். பொட்டென்ஷியோமீட்டர் கரகரத்தால் அதில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை இருபுறமும் பலமுறை திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் பிக்கப் ஊமையாக இருந்தால் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் பிழைத்திருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. தலைமுடி கனமே உள்ள அந்தக் கம்பி, வெளி வயரோடு சேரும் முனையில் அறுவது சகஜம். முழுச் சுருளையும் பிரிக்கும் முன் அந்த முனையைப் பாருங்கள்.

மலிவு சரக்குதானே என்று பழைய பிக்கப்பைத் தூக்கி எறியாதீர்கள். டெய்ஸ்கோவின் ‘கோல்ட் ஃபாயில்’ பிக்கப்பை கிடார் கலைஞர் ரை கூடர் தன் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பொருத்தி வாசித்தார். இன்று அந்தப் பிக்கப்புக்காகவே பழைய கிடார்களைத் தேடி வாங்குகிறார்கள். ஒலியைத் தடுப்பதை மட்டும் சரிசெய்யுங்கள். பெயின்ட்டைச் சுரண்ட வேண்டாம். கழற்றியதை ஒரு பையில் போட்டு கிடாரோடு வையுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு அதுதான் ஆவணம்.

(அடுத்த வாரம்: வளைந்த கழுத்தை நிமிர்த்துவது எப்படி?)