தோட்டத்தில் செழிப்பு, மலையில் அழிவு

ஃப்ரேசர் ஃபிர் என்னும் ஊசியிலை மரம் உலகில் ஒரே ஓரிடத்தில்தான் இயற்கையாக வளர்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடரின் தென்பகுதியே அந்த இடம். வட கரோலினா, டென்னஸி, வர்ஜீனியா மாநிலங்களில், பெரும்பாலும் 1,500 மீட்டருக்கு மேல், மேகம் மூடிய சில சிகரங்களில் இது நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்மலைகளில் தாவரங்களைச் சேகரித்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஃப்ரேசரின் பெயரே மரத்துக்கும் வைக்கப்பட்டது.

பனியுகத்தில் இத்தகைய குளிர்காடுகள் தாழ்வான இடங்களிலும் பரவியிருந்தன. பூமி வெப்பமானதும் அவை மெல்ல மேலேறி, கடைசியில் சிகரங்களில் ஒதுங்கின. ஒரு சிகரத்தின் காட்டுக்கும் அடுத்ததன் காட்டுக்கும் நடுவே இம்மரம் வாழ முடியாத வெப்பமான பள்ளத்தாக்குகள் கிடக்கின்றன.

ஒதுங்கி வாழ்ந்த இந்த மரத்தைத் தேடி வந்த எதிரி, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத பூச்சி. பால்சம் வுல்லி அடெல்ஜிட் எனப்படும் இது ஐரோப்பாவைச் சேர்ந்தது, அசுவினிக்கு உறவு. பப்பாளியில் அப்பும் மாவுப்பூச்சியைப் போல உடம்பைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு பூத்திருக்கும். வட அமெரிக்காவில் இந்தப் பூச்சியில் ஆணே கிடையாது. பெண் பூச்சிகள் துணையின்றியே முட்டையிட்டு, ஆண்டுக்கு இரண்டு மூன்று தலைமுறைகளைப் பெருக்கிவிடுகின்றன. குஞ்சுப் பருவத்தில் மட்டும் ஊர்ந்து நகரும். மற்றபடி காற்றுதான் வாகனம். 1957இல் வட கரோலினாவின் மிட்செல் சிகரத்திலும் 1963இல் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவிலும் இது கண்டுபிடிக்கப்பட்டது.

சாற்றை உறிஞ்சுவதால் மட்டும் மரம் சாவதில்லை. பூச்சியின் உமிழ்நீர் உள்ளே புகுந்ததும் மரம் இயல்புக்கு மாறான, கடினமான செந்நிறக் கட்டையை வளர்க்கத் தொடங்குகிறது. அதன் வழியே தண்ணீர் சரியாக ஏறாது. ஈர மேகத்துக்குள் நின்றபடியே மரம் தாகத்தில் காய்ந்துபோகிறது. சில ஆண்டுகளில் கதை முடிந்துவிடும். ஐரோப்பிய ஃபிர் மரங்கள் இதே பூச்சியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை. ஃப்ரேசர் ஃபிருக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஸ்மோக்கி மலைகளில் வளர்ந்த மரங்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் மடிந்து, வெளுத்த கட்டைகளாக நின்றன.

ஆனாலும் இனம் அற்றுப்போகவில்லை. இளமரத்தின் பட்டை வழவழப்பானது. பூச்சி தங்குவதற்கு வெடிப்புகள் வேண்டும். பட்டை முதிர்ந்து வெடிப்பதற்கும் மரம் காய்க்கத் தொடங்குவதற்கும் இடைவெளி அதிகமில்லை. அந்தக் குறுகிய காலத்துக்குள் விதை விழுந்துவிட்டால் அடுத்த தலைமுறை உண்டு. பல சிகரங்களில் இன்று அடர்ந்து நிற்பவை இப்படிப் பிழைத்த இளங்காடுகளே.

மரத்தோடு சேர்ந்து தவிப்பவையும் உண்டு. இதன் நிழலில், பாறைமேல் படர்ந்த ஈரப்பாசிக்குள் வாழும் மிகச் சிறிய சிலந்தி இனம் ஒன்று, நிழல் போய்ப் பாசி காய்ந்ததால் வாழிடத்தை இழந்தது. அமெரிக்க அரசு 1995இல் அதை அழியும் ஆபத்திலுள்ள உயிரினமாக அறிவித்தது.

அழிவின் விளிம்பில் நிற்கும் இந்த மரம்தான் அமெரிக்காவில் பெரிதும் விரும்பப்படும் கிறிஸ்துமஸ் மரங்களில் ஒன்று என்பது விசித்திரம். வெட்டிய பிறகும் ஊசியிலை எளிதில் உதிராது, மணம் நிற்கும், கிளைகள் அலங்காரப் பொருள்களின் எடையைத் தாங்கும். வட கரோலினாத் தோட்டங்களில் கோடிக்கணக்கில் வளர்க்கிறார்கள். அங்கே பூச்சிக்கு மருந்து அடிக்கலாம். வேரழுகல் நோய் தாக்கும் மண்ணில் ஜப்பானின் மோமி ஃபிர் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டியும் வளர்க்கலாம். மலைக்காட்டில் இது நடக்காது. அடிமரம் முழுவதும் நனையும்படி ஒவ்வொரு மரத்துக்கும் மருந்து அடிக்க வேண்டும் என்பதால், சாலையோரத்து மரங்கள் சிலவற்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. பூச்சியைத் தின்னும் அயல்நாட்டு இரைகொல்லிகளைக் கொண்டுவந்து விட்டும் பெரிய பலன் இல்லை.

தோட்ட மரங்கள் இருப்பதால் காட்டு மரம் போனாலும் பரவாயில்லை என்று கணக்குப் போடவும் முடியாது. தோட்டத்துக்கான விதை, வடிவத்துக்காகவும் இலை உதிராத குணத்துக்காகவும் பொறுக்கப்படுகிறது. பூச்சியைத் தாங்கும் மரபணுக்கள் இருந்தால், தாக்குதலில் தப்பிய முதிய காட்டு மரங்களில்தான் முதலில் தேட வேண்டும். அவற்றின் விதைகளைச் சேமிப்பது அதனால்தான் அவசரமாகிறது. காலநிலை மாற்றம் அவசரத்தைக் கூட்டுகிறது. வெப்பம் கூடினால் இந்த மரம் குளிரைத் தேடி மீண்டும் மேலேற வேண்டும், ஆனால் இனி மேலே இடமில்லை: மிட்செல் சிகரத்தின் உயரம் 2,037 மீட்டர், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதைவிட உயரமான மலை அமெரிக்காவில் இல்லை.