தோட்டப் பள்ளிக்கு வந்த விலையில்லாக் கருவி

எண்ணையும் எழுத்தையும் மனிதனின் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. அவ்விரண்டும் இன்று ஏட்டிலிருந்தும் கரும்பலகையிலிருந்தும் கணினித் திரைக்குக் குடிபெயர்ந்து வருகின்றன. கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், படங்களுடன் பாடத்தை விளக்கவும் உதவும் அலுவலக மென்பொருள்களைக் காசு கொடாமலே பெறும் காலம் இது. இணையத்தின் வழியே இயங்கும் கூகுள் டொக்ஸ் ஒரு வகை. கணினியில் ஒருமுறை பதிந்துகொண்டால் இணையம் இன்றியும் இயங்கும் லிப்ரே ஒபிஸ் மற்றொரு வகை. சப்ரகமுவத் தோட்டப்புறங்களில் உள்ள ஆரம்பப் பாடசாலைகளுக்கு இவற்றால் விளையும் நன்மை யாது? அந்நன்மை வந்து சேர முதலில் செய்ய வேண்டியது யாது? இவற்றைச் சற்றே ஆராய்வோம்.

இலவசம் தானே நடந்து வருவதில்லை

இலங்கையில் இலவசக் கல்வி 1945 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரை நாடு இன்றும் நன்றியுடன் நினைவுகூர்கிறது. ஆயினும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதன் பின்னரும் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே இருந்தன. 1970 களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரு பொருளுக்கு விலை இல்லை என்பதாலேயே அது லயத்து வாசலுக்கு வந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? அந்தத் தாமதம் கணினிக் கல்வியிலும் நேரக் கூடாது என்பதே நமது கவலை.

சிதறிய பள்ளிகளை இணைக்கும் தாள்

நுவரெலியாவில் தமிழர் வாழும் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. சப்ரகமுவத்தின் நிலை வேறு. இரத்தினபுரி மாவட்டத்தின் பலாங்கொடை, இறக்குவானை, கஹவத்தைப் பகுதிகளிலும், கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்றை, தெரணியகலைப் பகுதிகளிலும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. ஆதலால் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையின் ஆசிரியர் மற்றொரு தமிழ்மொழிப் பாடசாலையின் ஆசிரியரைச் சந்தித்துப் பேசுவதே அரிதாகிறது.

இவ்விடத்திலேதான் இணையவழி ஆவணத்தின் பெருமை விளங்குகிறது. ஒரே தாளை வெவ்வேறு ஊர்களில் இருக்கும் ஐந்தாறு பேர் ஒரே வேளையில் எழுதலாம், திருத்தலாம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒரு மாதிரி வினாத்தாள் தேவைப்படுகிறது என்று கொள்வோம். கணித வினாக்களைப் பலாங்கொடை ஆசிரியை எழுத, தமிழ் வினாக்களை எட்டியாந்தோட்டை ஆசிரியர் எழுத, சுற்றாடல் வினாக்களை இறக்குவானையில் இருப்பவர் சேர்க்கலாம். ஒருவர் இரவிரவாகச் சுமந்த பாரம் பலர் தோள்களுக்குப் பிரிந்துவிடும். வினாத்தாளைக் காசு கொடுத்து வாங்கும் சுமையும் பெற்றோருக்குக் குறையும்.

‘அம்மா’ எங்கே போனாள்?

எனினும் தமிழுக்கென்று ஓர் இடர் உண்டு. நம் நாட்டில் பல்லாண்டுகளாகத் தமிழைத் தட்டச்சிடப் பெரிதும் பயன்பட்டது ‘பாமினி’ என்னும் எழுத்துரு. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் வடிவத்தை வைத்து இயங்குவது. ‘எம்’ என்ற விசையை அழுத்தினால் ‘அ’ தோன்றும். ‘கே’ என்பதை அழுத்தினால் ‘ம’ தோன்றும். பாமினி உள்ள கணினியில் எல்லாம் அழகாகத் தெரியும். அதே ஆவணத்தைப் பாமினி இல்லாத வேறிடத்தில் திறந்தாலோ, ‘அம்மா’ என்று எழுதிய இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்று பொருளற்ற ஆங்கிலக் குறிகளே நிற்கும். ஆசிரியர் பாடுபட்டுச் சேர்த்த வினாத்தாள்கள் இணையத்தில் ஏறியதும் வாசிக்க முடியாமற் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதற்கு மருந்து யூனிகோட் எனப்படும் ஒருங்குறி. இதில் தமிழ் எழுத்துகளுக்கென்று உலகெங்கும் பொதுவான தனிக் குறியீடுகள் உண்டு. கைத்தொலைபேசியில் நாம் அன்றாடம் எழுதும் தமிழ் ஒருங்குறியே. பாமினியில் பழகிய விரல்கள் அதே விசை ஒழுங்கில் ஒருங்குறியை எழுதவும், பழைய கோப்புகளை மாற்றிக்கொள்ளவும் இலவச வசதிகள் உள்ளன. ஆதலால், பாடசாலையில் எழுதப்படும் தாள் ஒவ்வொன்றும் ஒருங்குறியிலேயே இருக்கட்டும். முதற்படி இதுவே.

இணைப்பு இல்லாத வேளையில்

2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. 2021 இலும் இணையவழிக் கல்வியே பேச்சாயிருந்தபோது, ஊவா மாகாணத்துப் போகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுவழியே நடந்து பாறைமீது ஏறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. மலைமடிப்புகளில் உள்ள சப்ரகமுவத் தோட்டங்களுக்கும் இத்துன்பம் புதிதன்று. மென்பொருள் இலவசம், டேட்டா இலவசமன்று.

ஆகவே பாடசாலைக் கணினியில் இணையமின்றி இயங்கும் மென்பொருளை முதலில் பதிந்துகொள்வதே அறிவுடைமை. வேலையை அங்கே முடித்து, இணைப்புக் கிட்டும் இடத்தில் ஆசிரியர் அதனை ஏற்றி அனுப்பலாம். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பொதுவாகத் தாமே கூகுள் கணக்குத் தொடங்க இயலாது என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. ஆரம்பப் பிரிவில் கணக்கு ஆசிரியர் கையிலோ பாடசாலையின் பொறுப்பிலோ இருப்பதே பாதுகாப்பு.

கேரளம் காட்டிய வழி

அயலிலுள்ள கேரளம் 2001 இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, காலப்போக்கில் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017 இல் அது ‘கைட்’ என்னும் நிறுவனமாக வளர்ந்தது. ஆரம்ப வகுப்புகளுக்கான கணினிப் பாடநூலுக்கு விளையாட்டுப் பெட்டி எனப் பொருள்படும் ‘களிப்பெட்டி’ என்ற பெயரைச் சூட்டினார்கள். மென்பொருளைக் கொடுத்துவிட்டு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. ஆசிரியர்களைப் பயிற்றினார்கள், தாய்மொழியில் எழுதும் வசதியையும் செய்தார்கள். நாம் கற்க வேண்டியது இதனையே.

கணக்கு நம் கையில்

தோட்டத்தில் கணக்கு என்பது நெடுங்காலம் பிறர் கையில் இருந்த பொருள். பெயரும் வேலைநாளும் செக்ரோலில் ஏறும், எழுதுபவர் கணக்கப்பிள்ளை. கொழுந்து கொய்த தாய்க்கு அதனை வாசிக்கத் தெரியாத காலமும் இருந்தது. இன்று அவளுடைய மகள் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். தாய் நாள்தோறும் நிறுத்துக் கொடுத்த கொழுந்தின் கிலோவை அவள் விரிதாளில் ஒரு வரிசையாக எழுதட்டும். மாத முடிவில் கூட்டுத்தொகையைக் கண்டு சம்பளச் சீட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கூட்டல், சராசரி, அட்டவணை ஆகிய மூன்று பாடங்களும் அந்த ஒரு தாளில் அடங்கிவிடும்.

பெற்றோரும், பழைய மாணவரும், நகரங்களில் தொழில் புரியும் தோட்டத்து இளைஞரும் முன்வந்தால் இது ஆகாத காரியமன்று. பழுதற்ற பழைய கணினி ஒன்றும், ஆசிரியருக்குக் கற்பிக்க ஒரு விடுமுறை நாளும் கொடுத்தால் போதும். மென்பொருளுக்கு விலை இல்லை. அதைக் கற்பிப்பவரின் நேரத்துக்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்க நாம் ஆயத்தமாதல் வேண்டும்.