பெயர் மாறும், பிள்ளை மாறாது!

பூச்செடி என்றால் செவ்வரத்தை, மல்லிகை, நந்தியாவட்டை என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஓர்கிட் என்றதும், அது பேராதனைப் பூங்காவுக்கும் மலைநாட்டுக் குளிருக்கும் உரியது, பருத்தித்துறையின் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் ஆகாது என்று எண்ணிவிடுகிறோம். அது சரியல்ல. இலங்கையில் ஏறத்தாழ 190 வகை ஓர்கிட்டுகள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றில் சில நமது உலர் வலயத்து மரங்களையே வீடாகக் கொண்டவை.

வாண்டா டெசலாட்டா என்பது அப்படியொன்று. டெசலாட்டா என்றால் இலத்தீன் மொழியில் கட்டம் போட்டது என்று பொருள். நம் வீட்டு ஆண்கள் உடுத்தும் கட்டச் சாரனைப் போல இதன் இதழ்களில் பழுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். நல்ல மணமும் உண்டு. மரத்தில் ஒட்டி வளர்வதால் இதைப் புல்லுருவி என்று சிலர் பிடுங்கி எறிவதுண்டு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஓர்கிட் அப்படிச் செய்வதில்லை. மரப்பட்டையைப் பிடித்து நிற்குமே தவிர, மழையையும் பனியையும்தான் தன் வேரின் பஞ்சு போன்ற தோலால் குடிக்கிறது. வெண்சாம்பல் நிற வேரில் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள், பச்சையாக மாறும்.

கிளைக்கும் விதம் இரண்டு

ஓர்கிட் வளர்க்கும் சகோதரிகள் முதலில் அறிய வேண்டியது, தம்மிடமுள்ள செடி எப்படிக் கிளைக்கிறது என்பதைத்தான். வாண்டா ஒரே தண்டாக மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போகும். பூங்கொத்து இலையின் இடுக்கிலிருந்து வரும். அடித்தண்டிலிருந்து, அல்லது நுனி முறிந்துபோனால் பக்கத்திலிருந்து, புதுக் குருத்து வெடிக்கும்.

கடைகளில் அதிகம் விற்கும் டென்ட்ரோபியம் வேறு விதம். வாழைக்குப் பக்கக் கன்று வருவதுபோல, பழைய தண்டின் அடியிலிருந்து புதுத் தண்டு எழும்பும். சிலவேளை தண்டின் கணுவிலேயே வேரும் இலையுமாக ஒரு சின்னச் செடி முளைக்கும். உலகெங்கும் செடி வளர்ப்போர் இதைக் 'கெய்க்கி' என்கிறார்கள். ஹவாய்த் தீவு மக்களின் மொழியில் அதற்குக் குழந்தை என்று பொருள்.

பிள்ளைகள் பெருகினால் எப்போதும் மகிழ்ச்சிதானா? இல்லை. வேர் அழுகும்போதும், உரம் மிஞ்சும்போதும், ஓய்வெடுக்க வேண்டிய காலத்தில் தண்ணீர் கூடும்போதும், பூ வரவேண்டிய இடத்தில் பிள்ளைச் செடி வருவதுண்டு. அப்போது தாயின் வேரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எப்போது பிரிப்பது?

அவசரம் கூடாது. கெய்க்கிக்கு மூன்று நான்கு இலைகளும், இரண்டு அங்குல நீளத்தில் சில வேர்களும் வரும்வரை தாயோடு இருக்கட்டும். வாண்டாக் குருத்தானால் அதற்கென்று மூன்று வேர்களாவது வேண்டும். டென்ட்ரோபியத்தைப் பங்கு வைக்கும்போது ஒவ்வொரு பங்கிலும் மூன்று நான்கு தண்டுகள் இருக்க வேண்டும். முந்திப் பிரித்தால் பிள்ளை காயும், தாயும் நலியும்.

கத்தியை நெருப்பில் காட்டி ஆறவிட்டு வெட்டுங்கள். ஓர்கிட்டுகளின் வைரஸ் நோய் கத்தி வழியாகவே ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும். வெட்டிய வாயில் கறுவாத்தூள் தடவலாம். வேரில் படக்கூடாது, அது வேரை உலர்த்திவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களை விட்டு, ஒக்டோபரில் ஈரக்காற்று வரும்போது, மழை நேரே விழாத விறாந்தையில் வைத்துச் செய்வது நல்லது. மண் வேண்டாம், கரித்துண்டும் பொச்சுமட்டையும் போதும். கிணற்று நீர் உவராக இருந்தால் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

பெயர் ஏன் மாறுகிறது?

இவ்வாறு பிரித்த பிள்ளை அச்சு அசலாகத் தாயே. விதையில் முளைத்ததுதான் வேறுபடும். ஆனால் தாயின் பெயர் மட்டும் நிலைப்பதில்லை!

அக்காலத் தாவரவியலார் மரத்தில் வளரும் ஓர்கிட்டுகள் பலவற்றை 'எபிடென்ட்ரம்', அதாவது மரத்தின்மேல் உள்ளது, என்று ஒரே கூடையில் போட்டார்கள். நமது கட்டப்பூவும் 1795இல் ரொக்ஸ்பரோ என்பவரால் அப்படித்தான் பெயரிடப்பட்டது. 1830இல்தான் இன்றைய பெயர் வந்தது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் மஞ்சள் பூ ஓர்கிட் ஒன்று 1753இல் எபிடென்ட்ரமாகவும், 1826இல் வாண்டாவாகவும் இருந்தது. 1992இல் அதற்கெனத் தனிப் பேரினமே வகுத்து 'தப்ரோபேனியா' என்றார்கள். பண்டைய கிரேக்கர் இலங்கைக்கு வைத்த பெயர் தப்ரபேன்.

இந்த மாற்றங்கள் வீணாக நடப்பவையல்ல. முகச்சாயல் ஒத்தவர்களெல்லாம் உறவினராகிவிடுவதில்லை. சாயலில்லாதவர் இரத்த உறவாக இருப்பதுமுண்டு. முன்பு பூவின் சாயலைப் பார்த்துத்தான் பிரித்தார்கள். இன்று மரபணுவையும் பார்த்து உறவு கண்டறிகிறார்கள். அப்படித்தான் 2012இல் அஸ்கோசென்ட்ரம் என்ற இனம் வாண்டாவோடு சேர்க்கப்பட்டது. அஸ்கோசெண்டா என்று முன்பு விற்ற கலப்புச் செடிகளும் இன்று வாண்டாவே. இது தெரியாவிட்டால் ஒரே செடியை இரு பெயரில் இரு தடவை காசு கொடுத்து வாங்க நேரிடும்.

அரபு நாடுகளில் சூடான பாலில் கலந்து அருந்தும் ஸஹ்லபும் ஓர்கிட் கிழங்கின் மாவுதான். அதற்குத் தோண்டப்படும் செடிகளில் ஒன்று ஓர்கிஸ் என்றிருந்து, 1997இல் அனகாம்ப்டிஸ் ஆனது. பெயர் எதுவானாலும் கிழங்கைத் தோண்டினால் செடி போயிற்று. ஓர்கிட் இனம் முழுவதும் சைட்டிஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கைக்குள் அடங்குவதும் இத்தகைய அழிவைத் தடுக்கவே. வெளிநாட்டிலிருந்து வருவோரிடம் அனுமதிப் பத்திரமில்லாமல் செடி கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

காட்டு மரத்திலிருந்து ஒன்றைப் பிய்த்தெடுப்பதைவிட, அயல் வீட்டு ராத்தாவிடம் ஒரு பிள்ளைச் செடி கேட்டு வாங்குவது மேல். கொடுப்பவர் தாயின் பெயரை ஒரு சிறு தகட்டில் எழுதிக் கட்டிவிடட்டும். பெயர் மாறினால் பழைய பெயரை அழிக்காமல், புதியதை அதன் கீழே எழுதினால் போதும். பழைய பெயர் தெரிந்திருந்தால் பழைய புத்தகங்களிலும் அந்தச் செடியைத் தேடிப் பிடிக்கலாம்.