எடுக்காமல் விட்ட திருடன்: 'காக்லியோஸ்ட்ரோ கோட்டை'யில் வயசாகும் லூபின்

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு ஆளைப் பத்தித்தான். முதல்லயே சொல்லிடறேன், படம் வந்தது 1979ல. அதனால ஸ்பாய்லர் பத்தி நான் கவலைப்படப் போறதில்லை, கடைசி சீன் வரைக்கும் பேசுவோம். பார்க்காதவங்க ஒரு நூறு நிமிஷம் ஒதுக்கிப் பார்த்துட்டு வாங்க. இந்தப் பக்கம் எங்கேயும் ஓடிடாது.

படம், ஹயாவோ மியாசாகி இயக்கின முதல் முழுநீளப் படமான 'காக்லியோஸ்ட்ரோ கோட்டை'. ஆள், மூன்றாம் லூபின். மியாசாகின்னதும் டோட்டோரோவும் 'ஸ்பிரிட்டட் அவே'யும்தான் நமக்கு ஞாபகம் வரும். அவரோட முதல் பட ஹீரோ ஒரு திருடன், பொய் சொல்றவன், பொண்ணுங்க பின்னாடி சுத்தறவன். அதுவும் அவர் உருவாக்கின கேரக்டர் இல்லை, கடன் வாங்கினது.

கொஞ்சம் பின்கதை தேவைப்படுது. மங்கி பஞ்ச் என்ற புனைபெயரில் வரைந்த கசுஹிகோ காட்டோ, 1967ல ஒரு வார இதழில் ஆரம்பிச்ச மாங்கா இது. பிரெஞ்சு எழுத்தாளர் மாரிஸ் லெப்லாங்கின் ஆர்சேன் லூபினுக்கு இவன் பேரன், அதனால 'மூன்றாம்' லூபின். வளர்ந்தவங்களுக்கான மாங்கா அது. அதுல வர்ற லூபின் நிஜமாவே மோசமான ஆளு. பெண்பித்து, பேராசை, தேவைப்பட்டா ஆளைக் கொல்லவும் தயங்க மாட்டான். 1971ல டிவி தொடர் வந்தப்போ ரேட்டிங் சரியில்லை. பாதியில இயக்குநரை மாத்திட்டு மியாசாகி, இசாவோ தகஹாதா ரெண்டு பேர் கையிலயும் கொடுத்தாங்க. அப்படியும் 23 எபிசோடோட முடிஞ்சிடுச்சு. 1977ல ரெண்டாவது தொடர். இந்த முறை பச்சை கோட்டுக்குப் பதிலா சிவப்பு கோட்டு, காமெடியும் தூக்கல், செம ஹிட். அந்தத் தொடர் ஓடிக்கிட்டிருந்தப்பவே, 1979 டிசம்பர்ல இந்தப் படம் வந்தது.

படத்தைப் பத்தி அப்பவும் சரி, இப்பவும் சரி, ஒரு குற்றச்சாட்டு உண்டு. "இது லூபினே இல்லை, ரொம்ப நல்லவனா இருக்கான்." மங்கி பஞ்சே படத்தைப் பாராட்டினாலும், தன்னோட லூபின் இப்படிப்பட்டவன் இல்லைன்னுதான் சொல்லியிருக்கார். படைத்தவரே சொன்னப்புறம் நாம என்ன பேசறதுன்னு தோணும். ஆனா எனக்கு இது வேற ஆளாத் தெரியலை. அதே ஆளுக்குப் பத்து வருஷம் கூடியிருக்கு, அவ்வளவுதான்.

வயசு எங்கே தெரியுதுன்னு பார்க்கலாம். படம் எங்கேயும் நம்பர் சொல்லலை. முடி நரைக்கலை, முட்டி வலிக்கலை. சரிஞ்ச கூரை மேல ஓடறான், கோபுரத்துக்குக் கோபுரம் தாவறான். உடம்புல தேடினா கிடைக்காது. எதையெல்லாம் எடுக்காம விடறான்னு பாருங்க, அங்கேதான் இருக்கு.

முதல் சீன்லயே வந்துடுது. லூபினும் கூட்டாளி ஜிகெனும் ஒரு கேசினோவைக் கொள்ளையடிச்சிட்டு, குட்டி மஞ்சள் ஃபியட் 500 நிறைய நோட்டுக் கட்டோட தப்பிச்சு வர்றாங்க. கழுத்து வரைக்கும் பணம், ரெண்டு பேரும் அதுல நீந்தாத குறை. அப்புறம் லூபின் ஒரு நோட்டை உத்துப் பார்க்கிறான். கள்ள நோட்டு. 'கோட் நோட்டு'ன்னு பேர், அந்த உலகத்துல அசலையே தோற்கடிக்கிற தரம். சின்ன வயசுத் திருடனா இருந்தா என்ன பண்ணுவான்? இவ்வளவு நல்ல போலின்னா செலவு பண்ணிடலாமேன்னு நினைப்பான். இவன் காரோட கூரையைத் திறந்து மொத்தத்தையும் காத்துல பறக்க விடறான். ரோடெல்லாம் நோட்டு. அடுத்த வேலை எதுன்னு அப்பவே முடிவாயிடுச்சு, இந்த நோட்டு எங்கேயிருந்து வருதோ அங்கே போகணும்.

அந்தக் கார்லயும் ஒரு விஷயம் இருக்கு. பழைய லூபின் ஓட்டினது மெர்சிடிஸ் எஸ்.எஸ்.கே., பணக்கார வீட்டுப் பையன் வண்டி. ஃபியட் 500 படத்தோட அனிமேஷன் இயக்குநர் யாசுவோ ஒட்சுகா நிஜத்துல வச்சிருந்த கார் மாடல். இந்தப் படத்துல லூபின் போட்டிருக்கிறதும் பச்சைக் கோட்டுதான், ஹிட்டான சிவப்பு இல்லை. சின்னக் கார், பழைய கோட்டு. சாதிச்சுக் காட்டணும்கிற வெறி அடங்கின ஒருத்தனோட உடைமைகள்.

காக்லியோஸ்ட்ரோங்கிறது 3,500 பேர் மட்டும் வாழற கற்பனைக் குட்டி நாடு. உள்ளே நுழைஞ்சதும் டயர் பஞ்சர். கல்-காகிதம்-கத்திரி விளையாட்டுல தோத்த ஜிகென் கீழே உட்கார்ந்து ஸ்டெப்னி மாத்தறான். லூபின் கார் கூரை மேல உட்கார்ந்து, சும்மா வானத்தைப் பார்க்கிறான். கதையில ஒண்ணுமே நடக்காத சில நொடிகள் அது. படத்துல எனக்குப் பிடிச்ச ஷாட்டுகள்ல ஒண்ணு. அவசரமே இல்லாத ஒரு திருடன்.

அந்த அமைதியைக் கிழிச்சிட்டு, கல்யாண கவுன்ல ஒரு பொண்ணு கார் ஓட்டிட்டுப் போறா. பின்னாடியே அடியாட்கள். லூபின் முகம் மாறுது, சாவியைத் திருப்பறான். அடுத்து வர்ற கார் சேஸ்ல அவன் முகத்தைக் கவனிங்க, பதினஞ்சு வயசுப் பையன் மாதிரி சிரிக்கிறான். குறும்பு எங்கேயும் போகலை. இதைச் சொல்றது முக்கியம், ஏன்னா 'வயசான ஹீரோ'ன்னாலே நமக்குத் தர்றது ஒண்ணு தத்துவம் பேசற சாமியார், இல்லைன்னா இருபது வயசு மாதிரி நடிக்கிற ஆளு. லூபின் ரெண்டும் இல்லை.

அந்தப் பொண்ணு கிளாரிஸ், அந்த நாட்டோட இளவரசி. அவளைக் கட்டாயக் கல்யாணம் பண்ணி, அவகிட்ட இருக்கிற மோதிரத்தையும் புதையல் ரகசியத்தையும் அபகரிக்கப் பார்க்கிற ஒரு கவுண்ட். அவளை உயரமான கோபுரத்துல அடைச்சு வச்சிருக்கான். லூபின் ராத்திரியில அங்கே போறான். கயிறு கட்டின சின்ன ராக்கெட்டை விட்டு, அதுல போறதுதான் திட்டம். ராக்கெட் கை நழுவிக் கூரையில உருண்டு ஓடுது. பிடிக்க ஓடறான், ஓட்டம் நிக்கலை, வேற வழியில்லாம தாவிடறான். திட்டம் சொதப்பினா நிதானமா யோசிக்க எல்லாம் அவனுக்கு நேரமில்லை, கால் போற போக்குல சமாளிக்கிறான். ரிலீஸ் அன்னிக்கு ராத்திரி சர்வர் விழுந்தப்போ சிரிச்சுக்கிட்டே கமாண்ட் அடிக்கிற சீனியரைப் பார்த்திருந்தா உங்களுக்கு இந்த சீன் புரியும்.

உள்ளே போனதும் தான் ஒரு திருடன்னு அறிமுகப்படுத்திக்கிறான். அவள் பயத்துல இருக்கா, இந்த ஆளால கவுண்ட்டை எதிர்க்க முடியும்னு அவளுக்கு நம்பிக்கை இல்லை. லூபின் அப்போ பெரிய சபதம் எதுவும் போடலை. மூடின கையை நீட்டறான், திறந்தா ஒரு சின்னப் பூ. அதுக்குப் பின்னாடி கயித்துல கோத்த குட்டிக் குட்டிக் கொடிகள். தெருவுல மேஜிக் காட்டறவன் பண்ற வித்தை. இப்போதைக்குத் தன்னால முடிஞ்சது இவ்வளவுதான்னு அவனே சொல்லிடறான். தன் சக்தி எவ்வளவுன்னு சரியா அளந்து வச்சிருக்கிறவன் பேச்சு இது. இருபதுல நாம யாரும் இப்படிப் பேச மாட்டோம். எல்லாம் முடியும்னுதான் சொல்லுவோம்.

கிளாரிஸ் அவனைக் கூப்பிடறது 'ஓஜிசாமா'ன்னு. மரியாதையோட 'அங்கிள்'னு வச்சுக்கலாம். இருபத்தெட்டு வயசுல அப்பார்ட்மென்ட் லிஃப்ட்ல அந்த வார்த்தையைக் கேட்டவங்களுக்கு அது எங்கே குத்தும்னு தெரியும். லூபினுக்குக் குத்தலை, மறுக்கவும் இல்லை. அந்த இடத்துலதான் அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைப் படம் தெளிவா வரைஞ்சு வைக்குது.

சரி, ஏன் இவ்வளவு மெனக்கெடறான்? இதைப் படம் ரொம்ப நேரம் சொல்லாம வச்சிருக்கு. அவனும் சொல்றதில்லை. குண்டு பட்டுத் தோட்டக்காரத் தாத்தா வீட்டுல படுத்துக் கிடக்கும்போதுதான் விஷயம் வெளியே வருது. பத்து வருஷத்துக்கும் மேல முன்னாடி, சீக்கிரம் பேர் வாங்கணும்னு துடிச்ச காலத்துல, இதே கள்ள நோட்டு ரகசியத்தைத் தேடித் தனியா இந்தக் கோட்டைக்கு வந்திருக்கான். செமத்தியா அடி வாங்கி, ரத்தம் வழிய ஒரு தோட்டத்துல விழுந்து கிடந்திருக்கான். ஒரு சின்னப் பொண்ணு தண்ணி கொடுத்திருக்கா. அவ கையில இருந்தது அந்த மோதிரம். அப்புறம் வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிப் போயிட்டான், திரும்பியே பார்க்கலை.

ஆக, முதல் சீன்ல காத்துல பறந்த நோட்டுக்கு இப்பதான் அர்த்தம் வருது. அவன் வாழ்க்கையில தோத்து ஓடின ஒரு இடத்தோட பேர் அந்த நோட்டுல இருந்தது. கூடவே, திருப்பித் தராத ஒரு வாய்த் தண்ணி. இது எதையும் அவன் கிளாரிஸ்கிட்ட சொல்லலை பாருங்க. சொல்லியிருந்தா அது சென்டிமென்ட், அவளுக்குச் சுமை. 'உனக்காக வந்தேன்'னு சொல்லிக்கிற ஆளா மாறியிருப்பான். அவன் தன்னை வெறும் திருடன்னே சொல்லிக்கிறான். எனக்கு அவன் மேல மரியாதை வர்ற இடம் இது.

உருக்கம் ஜாஸ்தியாகுதோன்னு பயப்படாதீங்க. அந்தப் படுக்கை சீனுக்குப் பக்கத்துலயே, போன ரத்தம் திரும்ப வரணும்னு கண்ணுல பட்டதெல்லாம் வாயில திணிச்சு, முகம் நீலமாகி விழற கூத்தும் இருக்கு. அவனை வருஷக்கணக்கா துரத்தற இன்ஸ்பெக்டர் ஸெனிகாட்டாவும் இங்கே கொஞ்சம் தளர்ந்துதான் வர்றார். கள்ள நோட்டு ஆதாரத்தைக் கண்ணால பார்த்தும், அரசியல் காரணத்தால மேலிடம் கை வைக்க மறுக்குது. அதனால லூபினைத் துரத்தற சாக்குல, டிவி கேமரா முன்னாடி அச்சு ஆலைக்குள்ள 'தற்செயலா' போய் விழற மாதிரி ஒரு நாடகம் ஆடறார். நடிப்பு படுமோசம், அதான் அழகு.

கடைசிக்கு வருவோம். கவுண்ட் செத்துட்டான், ஏரி வடிஞ்சு அடியில ஒரு முழு ரோமானிய நகரமே எழுந்து நிக்குது. தலைமுறை தலைமுறையா மறைஞ்சிருந்த புதையல் அதுதான். லூபின் அதைப் பார்த்துட்டு, தன் சட்டைப் பைக்குள்ள அடங்காதுன்னு சொல்லிட்டு நகர்ந்துடறான்.

அப்புறம் கிளாரிஸ். தன்னையும் கூட்டிட்டுப் போகச் சொல்லி அவன் மேல சாய்ஞ்சுக்கறா, திருட்டு வேலையும் கத்துக்கறேங்கிறா. லூபினோட ரெண்டு கையும் அவளை அணைக்க மேலே வருது. பாதியில நிக்குது. விரல் நடுங்குது, முகம் கோணுது. அப்புறம் கையை இறக்கி, இருட்டு வாழ்க்கைக்குள்ள வராதேன்னு சொல்லிட்டு, நெத்தியில ஒரு முத்தம், அவ்வளவுதான். அதுக்குப் பிறகு ஸெனிகாட்டா வந்து சொல்ற வசனம்தான் ஜப்பான்ல ரொம்பப் பிரபலம், லூபின் எதைத் திருடிட்டுப் போனான்னு அவளுக்கு விளக்கறது. எனக்கு அந்த நடுங்கற கைதான் படம். ஏன்னா அது நடுங்குது. அவனுக்கு ஆசை இல்லைன்னு காட்டியிருந்தா அது சாமியார் கதை, மங்கி பஞ்ச் சொன்னது முழுக்க சரியாயிருக்கும். பழைய லூபின் இன்னும் உள்ளே இருக்கான், அந்தக் கையை மேலே தூக்கினது அவன்தான். இறக்கினது, அன்னிக்குத் தண்ணி வாங்கிக் குடிச்சவன். அவள் பக்கம் நின்னு யோசிச்சா, இது தப்பான இடத்துக்குப் போயிருக்கக்கூடிய கதை. படத்துக்கு அது நல்லாவே தெரிஞ்சிருக்கு.

இந்தப் படம் வந்தப்போ வசூல் பெரிசா போகலை. லூபினுக்குக் குரல் கொடுத்த யாசுவோ யமடா, 1971 தொடர்ல இருந்து 1995ல சாகிற வரைக்கும் அவன் குரலாவே இருந்தவர். அந்த சீனை முடிஞ்சா ஜப்பானிய ஒலியிலயே கேளுங்க. வழக்கமான நையாண்டிக் குரல் எங்கே தணியுதுன்னு, மொழி புரியாமலேயே பிடிச்சிடலாம்.

முத்தத்தோட படம் முடியலை. ஃபியட்ல போகும்போது ஜிகென், நல்ல பொண்ணுடா, நீ வேணும்னா இங்கேயே தங்கியிருக்கலாமேங்கிறான். லூபின் பதில் சொல்லலை. அப்போ பக்கத்துல பைக்ல வர்றா ஃபுஜிகோ, கையில கோட் நோட்டு அச்சடிக்கிற அசல் தகடுகள். லூபின் கண்ணு விரியுது, நாம ஃப்ரெண்டா இருக்கலாமேன்னு வழியறான். பின்னாடி ஸெனிகாட்டாவோட சைரன். ஆக்சிலரேட்டரை மிதிக்கிறான்.